உண்ணி வந்த வழியைக் கேட்டவர்

கலியமூர்த்தி இறந்த செய்தி வந்தபோது அவருடைய ரத்தத்தைத்தான் நான் சோதித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. எங்கள் இயந்திரம் நாற்பது சுற்று ஓடும். அதற்குள் திரையில் ஒரு கோடு மேலே எழும்பினால் தேடிய வைரஸ் இருக்கிறது, எழும்பாவிட்டால் இல்லை. முப்பத்தோராவது சுற்றில் கைப்பேசி அடித்தது. அவருடைய மனைவி வசந்தா. "அவரு போயிட்டாருங்க மேடம்" என்றார். இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சம் ஒன்பது சுற்றும் ஓடி முடிந்தது. கோடு எழும்பவில்லை.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். கால்நடை மருந்தகங்களில் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவருக்கு ஜீப் ஓட்டியவர்கள், ஒரத்தநாட்டிலிருந்து வேதாரண்யம் வரை மாட்டுக் கொட்டகைகளில் அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தவர்கள், எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: என்ன காய்ச்சல்? வசந்தாவும் அதைத்தான் கேட்கிறார். உண்ணி கடித்துப் பரவும் வைரஸ்களைப் பதினொரு வருஷமாகக் கட்டி அழுகிறவள் நான். எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஏதோ பதில் இருக்கும் என்று நம்பி யாரும் படிக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கால்நடை ஆய்வாளராக இருந்தவர் எங்கள் திட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஆடு மாடுகளின் மேலிருந்து உண்ணிகளை எடுத்து ட்யூபில் போட்டுக் கொண்டுவருவது அவர் வேலை. அவற்றை அரைத்து, உள்ளே என்ன வைரஸ் இருக்கிறது, அது எந்த வகை என்று பார்ப்பது என் வேலை. முதல் நாள் அவர் கொண்டுவந்த ட்யூபுகள் சாப்பாட்டு கேரியரின் கீழ்த்தட்டில், ஈரத்துணி சுற்றி இருந்தன. மேல்தட்டில் தயிர்சாதம் வாசனை அடித்தது. எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. கத்தினேன். அவர் நிதானமாக, "ஐஸ் பெட்டி வர மூணு நாள் ஆவும்னாங்க மேடம். அதுவரைக்கும் உண்ணி காத்திருக்குமா?" என்றார். மறுநாளே என் சொந்தச் செலவில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். எங்கள் சண்டைகள் எல்லாமே இப்படித்தான் முடியும், அவர் குரலை உயர்த்தமாட்டார், நான் இறங்கி வருவேன். இறங்கி வராத ஒரு சண்டையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளைக் கால்சட்டை, அதன் மேல் முட்டிவரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. "வெள்ளத் துணியிலதான் உண்ணி ஏறுனா கண்ணுக்குத் தெரியும்" என்பார். ஊர் ஊராக அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. "மாப்ள, பொண்ணு எந்தக் கொட்டாயில இருக்கு?" என்று கேட்பார்களாம். "நாலு கால் பொண்ணுதான், கட்டிவைக்கிறீங்களா?" என்று இவரும் விடமாட்டாராம். இதையெல்லாம் ஜீப் ஓட்டுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகிறவள் இல்லை. போன ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன்.

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தைகள் நடந்தே நம் வயல்களுக்கு வருவது உங்களுக்குப் புதிதில்லை. ராத்திரி வலைகட்டி ஆடுகளை வயலில் அடைத்துவைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதைத்தான் கிடை போடுவது என்கிறோம். பாபநாசத்துக்குத் தெற்கே அப்படி ஒரு கிடைக்கு என்னை அழைத்துப் போனார். மந்தைக்குத் தலைவர் முத்திருளாண்டி கீதாரி, அறுபது வயதுக்காரர். ஆட்டின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கி, கட்டை விரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். நசுக்கும்போது வெளியே வருவது கையில் ஒரு கீறல் இருந்தாலும் உள்ளே போகும். கலியமூர்த்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "நசுக்காதீங்க அண்ணே, எங்கிட்ட குடுங்க, நான் கொண்டுபோறேன்." கீதாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உண்ணிக்கு ஜீப் வச்சு தஞ்சாவூர் கூட்டிட்டுப் போற ஆளை இங்கனதாம்மா பார்க்கேன்."

அன்று நான் கவனித்தது ஒன்று. மந்தை எங்கிருந்து வருகிறது என்று கலியமூர்த்தி கேட்கவே இல்லை. பொங்கலன்று ஆடுகள் எந்தக் கண்மாயில் தண்ணீர் குடித்தன, அதற்கு முந்தின வாரம் எந்த ஏரி, மழை பிடித்த நாளில் எங்கே ஒதுங்கினீர்கள் என்று தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். கீதாரியும் விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆட்டுக்கு ஊர் பேரு தெரியாதுங்க மேடம், தண்ணிதான் தெரியும்" என்றார் திரும்பும்போது. கேட்டதையெல்லாம் எங்கள் படிவத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. 'மாதிரி எடுத்த இடம்' என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. படிவத்தைத் தயாரித்தவள் நான்.

இனி அந்தச் சண்டை. வைரஸ் தன்னைப் படியெடுத்துப் பெருகும்போது தப்பும் தவறுமாகத்தான் எடுக்கும். தப்புகள் சேரச்சேர ஒரே வைரஸ் வழிக்கு வழி ஜாடை மாறும். அந்த ஜாடையை வைத்து எது எதற்கு உறவு, எது எப்போது பிரிந்தது என்று வம்சாவளி வரையலாம். நான் வரைந்தேன். பாபநாசத்துப் பக்கம் ஒரு கிளை, வேதாரண்யத்துப் பக்கம் இன்னொரு கிளை. டெல்டாவுக்குள் இரண்டு வகை, நெடுநாளாகத் தனித்தனியே வாழ்கின்றன என்று வரைபடத்தில் இரண்டு வட்டம் போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கலியமூர்த்தி அதை வெகுநேரம் பார்த்தார். "இதுங்களுக்கு இங்க வீடே கிடையாதுங்க மேடம். ரெண்டும் இந்த வருஷம் நடந்து வந்ததுங்க. ஒண்ணு மேக்கால வழி, ஒண்ணு கடக்கரை வழி. நீங்க சத்திரத்துல பாத்துட்டு சொந்த ஊருன்னு எழுதுறீங்க." படிவத்தில் 'வந்த வழி' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். முடியாது என்றேன். நடுவில் கட்டத்தைக் கூட்டினால் பழைய தகவலோடு பொருந்தாது, மேலிடத்தில் கேள்வி வரும், இன்னும் என்னென்னவோ சொன்னேன். உண்மையான காரணம், அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டதுதான்.

இதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். படிவங்களைக் கணினியில் ஏற்றியபோது கட்டத்துக்குள் இருந்ததை மட்டும் ஏற்றச் சொன்னேன். ஓரத்துப் பென்சில் எழுத்து ஏறவில்லை. இடம் அடைக்கிறது என்று தாள்களைக் கழித்துப் போட்டோம். அடுத்த இரண்டு வருஷமும் அவர் ஓரத்தில் எழுதிக்கொண்டேதான் இருந்தார், அவையும் அதே வழியில் போயின. கடைசியில் போன வருஷம் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "நல்லா இருக்குங்க மேடம், கொஞ்சம் பெரிய கட்டமா போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வசந்தா மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி என்னோடு பேசிக்கொண்டே மாட்டின் காதைத் தடவினார். விரல் எதையோ கண்டுபிடித்தது. பிடுங்கினார், இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினார், வேட்டியில் துடைத்துக்கொண்டார், பேச்சு அறுபடவே இல்லை. நான் அவர் கையையே பார்த்தேன். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய அப்பா ஒரு பண்ணையில் மாடு பார்த்தவர். பண்ணை மாடுகளுக்கு உண்ணி பொறுக்குவதுதான் இவருக்குச் சின்ன வயதில் வேலை. "கை தானாப் போயிடுதுங்க மேடம்" என்று அசடு வழிந்தார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம் என்றேன். வசந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த உண்ணியால் அவருக்குக் காய்ச்சல் வரவில்லை, நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கை நான் பார்க்காத எத்தனை கொட்டகைகளில் தானாகப் போயிருக்கும் என்று நினைத்தால் அந்தப் பழமொழியை என் வாயிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. முந்தின வாரம் முழுக்கக் கிடையில் இருந்தவர். வெயில் சூடு என்று சொல்லி இரண்டு நாள் கஷாயம் குடித்தார். வியாழக்கிழமை ஈறில் ரத்தம் கசிந்ததும் வசந்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, டைபாய்டு இல்லை. நான் போய்க் கேட்டபோது மருத்துவர், "உண்ணிக் காய்ச்சலும் பாத்தாச்சு மேடம், அதுவும் இல்ல" என்றார். அந்தப் பெயர் இங்கே புதர்ப் பூச்சியால் வரும் வேறொரு நோய்க்கு வழங்குகிறது. அது வைரஸ் இல்லை, மாத்திரைக்குக் கேட்கும். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த மாத்திரையையும் கொடுத்திருந்தார்கள். அவர்கள் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின.

ரத்தம் எடுக்க வந்த செவிலியரிடம் கலியமூர்த்தியே, "இன்னொரு ட்யூப் எடுங்கம்மா, மேடத்துக்கு" என்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை செவிலியர் ட்யூபை என் கையில் தந்தபோது அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். நடுங்கிய எழுத்தில் தன் பெயருக்குக் கீழே கடைசியாக வேலை பார்த்த கிடையின் ஊர், அந்த மந்தை தண்ணீர் குடித்து வந்த ஐந்து நீர்நிலைகளின் பெயர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார். படுக்கையில் கிடந்தவர் தன்னையும் ஒரு மாதிரியாக, அதுவும் முறையான மாதிரியாக, எனக்கு அனுப்பியிருக்கிறார். ரத்தத்தைத் தெளியவைத்து மூன்று சின்னக் குப்பிகளாகப் பிரித்தேன். அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

சனிக்கிழமை முதல் குப்பியைச் சோதித்தேன். எங்கள் சோதனை ஒரு வைரஸின் சின்னத் துண்டு ஒன்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துண்டே ஜாடை மாறியிருந்தால் ஒட்டாது. எந்தத் துண்டைத் தேடுவது என்று தீர்மானிக்க, அந்த வழியில் முன்பு வந்த வைரஸ்கள் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். எங்களிடம் பழைய வருஷத்து வைரஸ்களின் மரபு எழுத்து வரிசைகள் கிடக்கின்றன. எது எந்த வழியில் வந்தது என்பதுதான் இல்லை. ஏன் இல்லை என்று மேலே எழுதிவிட்டேன். முதல் குப்பியில் எதுவும் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் இல்லை என்று வருகிறது என்றேன். மூச்சு வாங்க, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க மேடம். நம்ம சோதனைக்கு அந்த மூஞ்சி தெரியல. பங்காளிய தெரியும், பங்காளி பேரனைத் தெரியுமா?" நாளைக்கு வேறு துண்டு போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "பாருங்க. அவசரம் இல்ல" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். இரண்டாவது குப்பியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைத்தான் முதலில் எழுதினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முத்திருளாண்டி கீதாரி பஸ் ஏறி வந்திருந்தார். கலியமூர்த்தி கடைசியாகப் போனது அவருடைய கிடைக்குத்தான். சாப்பிட உட்காராமல் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "எங்க ஆட்டுலேருந்து வந்ததாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஆமாம்னா ஆமாம்னு சொல்லிருங்க, நாங்க இந்தப் பக்கம் வரல. இல்லைன்னா இல்லைன்னு ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிவிடுங்க. இப்பமே ரெண்டு ஊர்ல கிடை வேண்டாம்னுட்டாங்க." தெரியலைங்க என்றேன். அவர் நம்பவில்லை. "மிசினு இருக்குல்லம்மா உங்ககிட்ட?" என்றார். இருக்கிறது என்று தலையாட்டினேன். "எங்க பயலுக மூணு பேரும் அதே மந்தையிலதான் படுத்துக் கிடக்கானுக" என்றார். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை என்றார். காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிடச் சொல்லி என் எண்ணைக் கொடுத்தேன். கூப்பிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. உண்ணியை நசுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன், கலியமூர்த்தி சொல்வதைப் போலவே.

மூன்றாவது குப்பி உறைபெட்டியில், மைனஸ் எண்பதில் இருக்கிறது. வைரஸின் முகத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல், உள்ளே இருப்பதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துவிடும் பெரிய ஆய்வுக்கூடங்கள் உண்டு. அங்கே அனுப்ப வேண்டும். எங்கள் திட்டத்துக்கு உண்ணிக்கும் கால்நடைக்கும்தான் அனுமதி, மனித ரத்தத்துக்கு இல்லை. அனுமதி கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். கூடுதல் விவரம் கேட்டார்கள், கொடுத்தேன், இன்னும் பதில் வரவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, விதி இருக்கிறது, நானே பலருக்குக் காட்டிய விதிதான். அனுமதி வந்தாலும் அளவு போதுமா என்பது சந்தேகம். படித்துப் பார்த்தும் ஒன்றுமில்லை என்று வரலாம். அதோடு குப்பியும் காலி.

போன வாரம் வசந்தா அவருடைய வெள்ளை உடுப்புகளை எடுத்துப்போக ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அந்தக் குப்பியைப் பற்றிச் சொன்னேன். உறைபெட்டி எங்கே என்று கேட்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"இதுலயாங்க இருக்கு?"

"ஆமாங்க."

"அதையும் பாத்துட்டா?"

"தீந்துடும்."

"அப்பவும் ஒண்ணும் இல்லைன்னு வந்தா?"

"அப்புறம் தெரிஞ்சுக்க வழியே இல்லைங்க."

கதவில் கையை வைத்தார். குளிர் வெளியே தெரியாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். "ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டோம். மறுநாளே ஆத்துல கரைச்சாச்சு. வீட்ல அவரோடதுன்னு துணிமணிதான் இருக்கு" என்றார். பிறகு, "என்ன காய்ச்சல்னு தெரிஞ்சாவணும்ங்க. ஆனா இப்பவே வேணாம்" என்றார். உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன்.

இறந்தவர்களிடமிருந்து ஒரு சொல்லையோ ஒரு பழக்கத்தையோ வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நாம் எழுதுவது வழக்கம். உங்களில் பலரிடம் அப்படிச் சிலது இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கலியமூர்த்தியே கொஞ்சம் இருக்கிறார், கால் மில்லி. அவரைக் கொன்றதும் அநேகமாக அதே குப்பியில்தான் இருக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொள்ள இன்னொன்றைத் தீர்க்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.